ஒருகையார் வீட்டுத் தறி

"வீட்டு வேலைன்னு எழுது."

"எழுதினா, பேனாவைப் பிடுங்கி அடுப்புல போட்டுருவேன்."

"நான் சொல்றத எழுது. குடும்பத் தலைவர் நான்."

"தலைவருக்குத் தன் தலையைச் சீவ முடியல. காலையில சீப்பு என் கையில. அதையும் சேர்த்து எழுது."

இரண்டு பேருக்கும் நடுவில் படிவத்தை முழங்காலில் விரித்துக்கொண்டு மகள் உட்கார்ந்திருந்தாள். பல் வைத்தியரிடம் உதவியாளாக இருப்பவள். வருகிறவர்களை வாயைத் திறக்கச் சொல்வது அங்கே தன் வேலை, மூடச் சொல்வது இங்கே தன் வேலை என்று அலுத்துக்கொண்டாள். இருவரும் ஒரு முடிவுக்கு வந்தால் அவள் குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்பலாம். படிவத்தில் மற்றதெல்லாம் நிரப்பியாயிற்று. 'மனைவியின் தொழில்' என்ற ஒரு கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது.

நெசவாளர் சங்கம் எல்லா அட்டைகளையும் புதுப்பிக்கிறது. மாலை ஐந்து மணிக்குள் படிவம் போய்ச் சேர வேண்டும். அதுகூடப் பெரிய விஷயமில்லை. அடுத்த மாதத்திலிருந்து வீட்டுக்கு ஆள் வருமாம். அட்டையில் யார் பேர் இருக்கிறதோ அவர் தறியில் உட்கார்ந்து நெய்வதைக் கண்ணால் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போவார்களாம். மூன்று மாதம் தொடர்ந்து அவர் நெய்யவில்லை என்றால் தறியைக் கழற்றி, வரிசையில் காத்திருக்கிற அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். தறி சங்கத்தினுடையது. நூல் சங்கம் கொடுப்பது. கண் ஆஸ்பத்திரிச் சீட்டும் வயதான காலத்து உதவித்தொகையும் அந்த அட்டையோடு சேர்ந்தவை. அட்டையில் இருந்த பேரோ அவருடையது. அவருடைய வலத் தோள் தை மாதம் வரை தாங்காது என்று வைத்தியர் ஆறு வருஷத்துக்கு முன்பே சொல்லியிருந்தார். ஆறு தை தாங்கிவிட்டது. இப்போது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. மனைவியின் கட்டத்தில் நெசவு என்று இருந்தால்தான் அட்டையை அவள் பேருக்கு மாற்ற முடியும்.

"என் பேர்லயே இருக்கட்டும். எப்பவும் போல நீ நெய்யி," என்றார் அவர்.

"படம் எடுக்க வரும்போது? உங்க சட்டையைப் போட்டுக்கிட்டு உக்காரவா?"

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டாள்.

அவர் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சங்கத்தில் அவருக்கு ஒருகையார் என்று பெயர். முதல் முழத்திலிருந்து கடைசி முழம் வரை அவர் துணியில் ஒரே கை தெரியும் என்பதால் வந்த பட்டம் அது. வெளியூர் வியாபாரி ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, பாவம், எந்தக் கை போயிற்று என்று அவர் மனைவியிடமே விசாரித்திருக்கிறார். ஒரு துணிக்கு ஒரு கை என்பது சங்கத்தின் பழைய விதி. நடுவில் ஆள் மாறினால் பலகையின் அடி மாறும், இழை நெருக்கம் மாறும், துணி இரண்டாம் தரம். அந்தப் பட்டத்துக்குரிய துணியில் பாதிக்கு மேல் நெய்தது தன் பெண்டாட்டி என்று அவரே போய்ச் சொல்ல வேண்டும் என்றால் எந்த மனுஷனுக்கும் கசக்கத்தான் செய்யும்.

அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவர் மஞ்சள் காமாலையில் படுத்தபோது தறியில் துணி அரைகுறையாக நின்றது. கடைசி நாலு முழத்தை அவள் நெய்து முடித்தாள். சங்கத்தில் துணி மடித்துத் தரம் பார்ப்பவர் ஒருவர் உண்டு, மடிப்பு ஐயா என்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலைத் துணியில் ஓட்டுவார். அன்றைக்கு அவர் விரல் சரியாக அந்த நாலு முழத்தின் தொடக்கத்தில் நின்றது. இங்கே கை மாறியிருக்கிறதே என்றார். காய்ச்சல், கை தளர்ந்துவிட்டது என்று ஒருகையார் சமாளித்தார். இரண்டாம் தர முத்திரை விழுந்தது.

உடம்பு தேறிய பிறகும் நாள் முழுக்கத் தறியில் உட்கார அவரால் முடியவில்லை. அதனால் அவள் அவர் கையைக் கற்றுக்கொண்டாள். முன்னறையில் குழித்தறி, பின்னறையில் சின்னக் குழலில் நூலைத் தாராகச் சுற்றும் ராட்டை, நடுவில் ஒரு சுவர். அவர் ராட்டையில் உட்கார்ந்து ஊடை என்கிற குறுக்கு நூலுக்குத் தார் சுற்றிக்கொண்டே சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுப்பார். கனமா விழுது. இப்ப லேசு. ரெண்டாவது அடி சின்னதா வேணும். அவர் அடி அப்படி: ஓங்கி ஒன்று, உடனே தட்டினாற்போல் சின்னதாய் ஒன்று. அந்த ஓங்கின அடிக்கு அவள் தோள் இரவெல்லாம் வலித்தது. ஒரு வருஷம் ஆயிற்று. அப்புறம் மடிப்பு ஐயாவின் விரல் எங்கேயும் நிற்கவில்லை. எப்போதிருந்தோ அந்தச் சிரமமும் போய்விட்டது. கை பழகிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவளால் பழக முடியாதது ஒன்றே ஒன்று. அவளுக்கு இடக்கைப் பழக்கம். தறியில் வலது கையை வசக்கிக்கொண்டாள். பாவில், அந்த நெடுக்கு நூலில், இழை அறுந்தால் மட்டும் யோசிக்க நேரமில்லாமல் இடது விரல்கள்தான் முந்திக்கொண்டு முடிச்சுப் போடும். துணியின் பின்பக்கத்தை யார் திருப்பிப் பார்க்கப் போகிறார்கள் என்று இருவரும் விட்டுவிட்டார்கள்.

"கடைசியாக் கேக்கறேன். என்ன எழுத?" என்றாள் மகள்.

"நெசவுன்னு எழுது," என்றாள் அவள்.

அவர் எழுந்தார். சட்டையை எடுத்தார். இடது கையைப் போட்டுக்கொண்டு, வலது கைக்குத் தடுமாறினார். அவள் வழக்கம் போல் பின்னால் போய்ச் சட்டையை ஏந்திப் பிடித்தாள். அவரும் வழக்கம் போல் கையை நுழைத்துக்கொண்டார். பிறகுதான் சண்டை நினைவுக்கு வந்தவராக, "நான் வரல. சங்கத்துல எதையும் சொல்லவும் மாட்டேன்," என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிப் போனார்.

மகள் கட்டத்தில் 'நெசவு' என்று எழுதினாள். எழுத்துகள் கொஞ்சம் பெரிதாகவே விழுந்தன.

*

சங்கத்தில் கூட்டம் இல்லை. சுவர் நெடுகத் துணி அலமாரி, ஒரு மூலையில் புதியவர்களைச் சோதிக்க ஒரு தறி, ஜன்னலோரம் செயலாளரின் மேசை. செயலாளர் இளவயதுப் பெண். வந்து எட்டு மாதம் ஆகிறது. ஒருகையார் மனைவி நீட்டிய படிவத்தை வாங்கிக் கட்டம் கட்டமாக விரல் வைத்துப் படித்தாள். 'நெசவு' என்ற இடத்தில் நிமிர்ந்தாள்.

"போன வாரம் கணக்கெடுப்புல வீட்டு வேலைன்னு இருக்கேம்மா."

"அது அவர் சொன்னது. இது நான் சொல்றது."

மடிப்பு ஐயா தன் நாற்காலியில் இருந்தபடியே சிரித்தார். முப்பது வருஷமாக அதே நாற்காலி. தார் சுற்றிக் கொடுக்கிறவர்களெல்லாம் நெசவாளி என்றால், அடுப்புப் பற்ற வைக்கிறவரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். தவறாக நினைக்க வேண்டாம், தறி வரிசையில் நாற்பது பேர் காத்திருக்கிறார்கள், ஆளாளுக்குத் தன் வீட்டிலேயே தறியை நிறுத்திக்கொள்ள இப்படித்தான் வருகிறார்கள் என்று விளக்கமும் சொன்னார். அதில் பொய்யும் இல்லை. அந்த நாற்பது பேரில் இருவர் அவருடைய அண்ணன் மகன்கள்.

தான் பத்தொன்பது வருஷமாக நெய்வதாகச் சொன்னாள் அவள். வீட்டுக்காரர் துணியில் பாதி தன்னுடையது, சில வருஷமாகப் பாதிக்கும் மேல் என்றாள்.

"ஏம்மா, ஒருகையார் துணியில இன்னொரு கை பட்டிருந்தா என் விரல் சும்மா விட்டிருக்குமா?"

"விட்டுருச்சு ஐயா. அதான் வந்திருக்கேன்."

செயலாளர் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான் குனிந்தாள் என்று அவளுக்குத் தோன்றியது. அந்தத் தைரியத்தில் போன மாதத் துணியை எடுத்து மேசையில் விரிக்கச் சொன்னாள். பின்பக்கம் மேலே வரும்படி திருப்பச் சொன்னாள்.

குனிந்து பார்த்தால் துணி முழுக்க அங்கங்கே சின்னச் சின்ன முடிச்சுகள் தெரிந்தன, அறுந்த இழைகளைச் சேர்த்த இடங்கள். ஒவ்வொன்றிலும் கடுகு அளவுக்கு நூல் வால். இதன் வால் இடப்பக்கம் சாய்கிறது, இது என்னுடையது. இதன் வால் வலப்பக்கம், இது அவருடையது. இது என்னுடையது. இதுவும். இதுவும். அவள் விரல் மேசையில் நகர நகர, செயலாளரும் கூடவே நகர்ந்தாள்.

காட்டத் தெரிந்தவர்கள் எதை வேண்டுமானாலும் காட்டலாம் என்றார் மடிப்பு ஐயா. வால் எந்தப் பக்கம் இருந்தால் என்ன, அது யார் போட்டது என்று முடிச்சு வாய் திறந்து சொல்லுமா என்றும் கேட்டார்.

"அவரையே போடச் சொல்லுங்க," என்றாள் அவள்.

சொல்லிவிட்டுத்தான் வாசலைப் பார்த்தாள். அவர் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. செருப்பைக் கழற்றாமல், உள்ளேயும் வராமல், வெளியேயும் போகாமல் நின்றிருந்தார்.

செயலாளர் இரண்டு துண்டு நூலை நறுக்கி, ஒன்றை அவளிடம் கொடுத்தாள், மற்றதை அவர் பக்கம் நீட்டினாள்.

அவர் நூலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவர் நினைத்தால் முடிச்சை மாற்றிப் போடலாம். நாற்பது வருஷம் நூலைத் தொட்டவருக்கு அது ஒரு பெரிய காரியமா. ஒரே ஒரு பொய் முடிச்சுப் போதும், ஒருகையார் ஒருகையாராகவே வீட்டுக்குப் போகலாம். கெஞ்சக் கூடாது என்று மட்டும் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். நூலை வாங்கி, முடிச்சைப் போட்டு மேசையில் வைத்தார். வால் வலப்பக்கம் சாய்ந்தது. அவளுடையது பக்கத்தில், இடப்பக்கம்.

செயலாளர் துணியில் எண்ணத் தொடங்கினாள். முப்பத்தொரு முடிச்சில் ஐந்துதான் வலப்பக்கம்.

மடிப்பு ஐயாவின் முகம் சுருங்கிவிட்டது. அப்படியானால் இந்தத் துணியும், இதற்கு முன் வந்ததும், அதற்கு முன் வந்ததும் எல்லாம் இரண்டாம் தரம் என்றார். விதியை மீறி இத்தனை வருஷம் ஏமாற்றியவருக்குச் சங்கத்தில் என்ன இடம் என்று அவரைப் பார்த்துக் கேட்டார்.

"முதல் தரம்னு முத்திரை போட்டது நீங்கதானே ஐயா," என்றாள் செயலாளர், மெதுவாக. "அத்தனையையும் இப்ப மாத்தினா, உங்க விரலைப் பத்தியும் எழுத வேண்டி வரும்."

அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. ஆனால் மடிப்பு ஐயா விடுகிற ஆளும் இல்லை. புது அட்டை என்றால் புதுக் கை வேண்டும் என்றார். சங்கத்தில் ஒரு தடித்த புத்தகம் உண்டு. சேர்கிற ஒவ்வொருவரும் சோதனைத் தறியில் அரை முழம் நெய்து கொடுப்பார்கள். அதில் ஒரு துண்டை வெட்டி அவர்கள் பேருக்கு எதிரே ஒட்டி வைப்பார்கள். பின்னால் துணியில் சந்தேகம் வந்தால் அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. இருக்கிற கையையே இன்னொரு பேரில் ஒட்ட முடியாது, ஒருத்தர் நெய்து இரண்டு அட்டைக்கு நூல் வாங்குகிற வேலை அப்படித்தான் ஆரம்பிக்கும் என்றார். இதுவும் நியாயம்தான். அவர் சொன்னதில் எல்லாமே நியாயமாக இருந்ததுதான் அவளுக்குப் பெரிய தொல்லையாக இருந்தது.

"உக்காரு. அவர் கையை நெய்யாதே. உன் கையை நெய்."

அவள் உட்கார்ந்தாள். காலை மிதியில் வைத்தாள். ஊடை நூலோடு நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது, பலகை வந்து விழுந்தது. நாலு விரற்கடை நெய்வதற்குள் மடிப்பு ஐயா எழுந்து வந்து விரலை வைத்தார்.

"அவர் கை," என்றார். "அட்சரம் பிசகாம அவர் கை. வேற நெய்."

அவள் மறுபடி தொடங்கினாள். இந்த முறை லேசாக அடித்துப் பார்த்தாள், துணி சல்லடையாகப் போயிற்று. ஓங்கி அடித்துப் பார்த்தாள், ஓரம் உள்வாங்கியது. கல்யாணத்துக்கு முன் அப்பா தறியில் விளையாட்டாக நெய்த அந்தக் கையைத் தேடினாள். கிடைக்கவில்லை. அவளிடம் இருந்தது ஒரே கைதான். எத்தனை தடவை ஆரம்பித்தாலும் பத்து அடிக்குள் அதுதான் திரும்பி வந்தது. நாற்பது வீட்டு வரிசையும், தங்கள் முன்னறையில் தறி இருந்த இடத்தில் வெறும் குழியும் அவள் கண்ணுக்குத் தெரிந்தன.

அவள் நாடாவை நிறுத்தினாள்.

"என்கிட்ட வேற கை இல்லைங்க ஐயா. பத்தொன்பது வருஷமா இதுதான் இருக்கு. எங்கிருந்து வந்தா என்ன, இதுல வலிச்சது என் தோள். இதை என்னுதுன்னு எழுத மாட்டீங்கன்னா, எழுதற வரைக்கும் இந்தத் தறியில இருந்து நான் எழுந்திரிக்கப் போறதில்ல."

"சட்டம் பேசாதேம்மா. அது அவர் கை. எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியாது ஐயா," என்றார் அவர்.

எல்லோரும் திரும்பினார்கள். அவர் சுவரோரமாக, தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தார். கண் மூடியிருந்தது, தார் சுற்றும்போது மூடிக்கொள்வாரே, அப்படி.

"என் அடி, ஓங்கி ஒண்ணு, சின்னதா ஒண்ணு. இப்ப இவ அடிச்சது காதுல விழலையா? ரெண்டும் சமமா விழுது. ரெண்டு சம அடி என் அடியே இல்ல."

மடிப்பு ஐயா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் விடவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் தன் தோள் கெட்டதிலிருந்து தறி பெரும்பாலும் இவளிடம்தான் இருந்தது என்றார். ஓங்கி அடிப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டு, தன் உடம்புக்கு ஏற்றபடி இரண்டு சம அடியாக இவள் மாற்றிக்கொண்டாள், மாற்றினது இவளுக்கே தெரியாது, சுவருக்கு அந்தப் பக்கம் ராட்டையில் உட்கார்ந்திருந்த தனக்குத்தான் தெரியும் என்றார். முதலில் திருத்தப் பார்த்ததாகவும், வாய் வரை வந்ததாகவும், துணியைத் தொட்டுப் பார்த்தபோது தன் துணியைவிட நன்றாக இருந்ததாகவும் சொன்னார். சொல்லும்போது குரல் கரகரத்தது. யாரும் தண்ணீர் கொண்டு வந்து கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

"அதனால நான்தான் கத்துக்கிட்டேன். இவ என் கையைக் கத்துக்கிட்ட மாதிரியே, சுவத்தோரம் உக்காந்து, காதால. ஆறு வருஷமா நீங்க ஒருகையார் கைன்னு தடவிப் பாத்தது இவ கையை. நான் அஞ்சு முடிச்சுக்கு நெய்ஞ்சேன் பாருங்க, அதுகூட இவ மாதிரிதான் நெய்ஞ்சேன்."

அவள் பலகையைப் பிடித்தபடி அவரையே பார்த்தாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ சண்டை. உப்புக்கு, விளக்குக்கு, மகள் படிப்புக்கு, காலையில் சீப்புக்கு. உன் துணி நல்லா இருக்கு என்ற இந்த ஒரு சொல் மட்டும் அந்த வீட்டில் ஒரு நாளும் வாய் திறந்து வரவில்லை. கோபப்படுவதா, வேறு என்ன செய்வது என்று அவளுக்குப் புரியவில்லை. அதை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மனசுக்குள் ஓர் ஓரமாக எடுத்து வைத்தாள். இப்போது வேறு வேலை இருந்தது.

மடிப்பு ஐயா நாற்காலிக்குத் திரும்பிப் போய்விட்டார். பெண்டாட்டிக்காக யாரும் எதுவும் பேசுவார்கள் என்றார், ஆனால் முன்பிருந்த உரம் அந்தக் குரலில் இல்லை. செயலாளர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஐயா ஒரு வார்த்தை சொன்னால் எழுதிவிடுகிறேன் என்றாள். அவர் சொல்லாமல் தான் எழுத முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

அந்த ஒரு வார்த்தை வரவில்லை. சுவர்க் கடிகாரத்தில் நாலரை ஆயிற்று.

அவள் நாடாவைத் தட்டினாள். இந்த முறை யார் கையையும் தேடவில்லை. இரண்டு சம அடி, நாடா, இரண்டு சம அடி. அடி விழுவதைத் தானே முதல் தடவையாகக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே நெய்தாள். நடுவில் ஓர் இழை அறுந்தது. இடது விரல்கள் போய் முடிந்துவிட்டுத் திரும்பின. அரை முழம் முடிந்ததும் கத்தரியை எடுத்து ஒரு துண்டை வெட்டினாள். எழுந்து போய், அலமாரியின் மேல் தட்டிலிருந்து அந்தத் தடித்த புத்தகத்தை இரண்டு கையாலும் இறக்கினாள். இருபத்தேழு வருஷத்துக்கு முந்தைய பக்கத்தைத் தேடி எடுத்தது ஒருகையார்தான். அவருடைய பேருக்கு எதிரே, ஓரம் பழுப்பேறிய ஒரு சின்னத் துண்டு ஒட்டியிருந்தது.

அவள் புத்தகத்தை மடிப்பு ஐயாவின் மேசையில் விரித்து வைத்தாள். பழைய துண்டுக்குப் பக்கத்தில் தன் புதுத் துண்டை வைத்து, சுருக்கம் போக நீவிவிட்டாள். ஐயாவின் ஆள்காட்டி விரல் மேசை விளிம்பில் இருந்தது, நகரவில்லை.

"முதல்ல அதுல வைங்க ஐயா, அப்புறம் இதுல வைங்க. பேரைப் பாக்காம, எப்பவும் போலக் கண்ணை மூடிக்கிட்டு. வெச்சுட்டு, ரெண்டும் ஒரே கைதானான்னு நீங்களே சொல்லுங்க."